மெதுவாக ஓட்டச் சொன்னவள்

அரியலூர் ஸ்டேஷன் ரோட்டில் இட்லி விற்ற ரத்தினம்மாளுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையைப் பற்றி யாராவது வாயெடுத்தால் அவளிடம் பதில் தயாராக இருக்கும்.

"எனக்கா பிள்ளை இல்ல? மண்டித் தெருவுல நிக்கிறானே, ஓடு போட்ட மவன். கார்த்திகையில வேலைக்குப் போவான், பங்குனியில திரும்புவான். சம்பாதிச்சதை அப்படியே ஆத்தா கையில கொடுத்துருவான். உங்க மவனுங்க கொடுக்கிறானுங்களா?"

கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் அந்த வேடிக்கையை அவள் ஒரே ஒரு வருஷம்தான் சொன்னாள். பிறகு யார் கேட்டாலும் வாயைத் திறக்கவில்லை. அந்த மகன் அவளைச் செய்ய வைத்த காரியம் அப்படிப்பட்டது.

ஓடு போட்ட மகன் என்று அவள் சொன்னது ஒரு வீட்டை. யுத்தம் இன்னும் முடியாத சமயம். கடலை வியாபாரத்தில் நொடித்துப்போன முதலாளி ஒருவர், மண்டித் தெருவில் தாம் கட்டியிருந்த லைன் வீட்டை வாசல் வாசலாகப் பிரித்து விற்றார். ஒரே சுவர், ஒரே ஓட்டுக் கூரை, கொல்லையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு. வரிசையாக ஐந்து வாசல். ஒவ்வொரு வாசலுக்குள்ளும் ஒரு கூடம், ஒரு அடுப்படி, அவ்வளவுதான். அதில் நடுவாசலை ரத்தினம்மாள் வாங்கினாள். அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் பத்திரத்தில் கைநாட்டு வைத்து மண்ணை வாங்கியவர்கள் அதுவரை யாரும் இல்லை.

அதில் குடியிருப்பதற்காக அவள் வாங்கவில்லை. அவளும் அவள் புருஷன் ராசாங்கமும் ஸ்டேஷன் ஓரத்தில் வாடகைக் கூரை வீட்டில்தான் இருந்தார்கள். ராசாங்கம் வண்டிக்காரன்; மண்டியிலிருந்து குட்ஸ் ஷெட்டுக்குக் கடலை மூட்டை அடிப்பவன். கார்த்திகை பிறந்துவிட்டால் கடலை வாங்க விருதுநகரிலிருந்தும் பட்டணத்திலிருந்தும் வியாபாரிகள் ரயிலில் வந்து இறங்குவதையும், தங்க ஒரு கூடம் கிடைக்காமல் மண்டிச் சாக்கின் மேல் படுத்துக் கிடப்பதையும் அவன்தான் வந்து சொன்னான். சீசனுக்கு ஒரு கூடம் கொடுத்தால் வருஷ வாடகையை நாலு மாசத்தில் எண்ணி வைப்பார்கள் என்று அவன் பேச்சுவாக்கில் சொன்னது, அவள் மனசில் ஊறப் போட்ட உளுந்து மாதிரி உப்பிவிட்டது. புகையில் கண் கரித்துப்போன பிறகு, கை ஓய்ந்த பிறகு, யார் சோறு போடுவார்கள்? பசுவை விற்றாள். கழுத்தில் தாலியைத் தவிர மற்றதை விற்றாள். ஊர் சும்மா இருக்குமா? கூரை வீட்டில் குடியிருந்துகொண்டு ஓட்டு வீட்டுக்குச் சொந்தக்காரியாம் என்று இட்லி தின்ன வந்தவர்களே இலையில் விரலை வைத்துக்கொண்டு கேலி பேசினார்கள்.

சீசன் இல்லாத மாதங்களில் அந்த வீட்டைப் பூட்டிப்போட அவளுக்கு மனசில்லை. பூட்டிய வீட்டில் மூதேவி குடியேறுவாள், கரையான் அவளுக்குப் பாய் விரிக்கும். அதனால் சிந்தாமணியை அங்கே இருக்கச் சொன்னாள்.

சிந்தாமணி மண்டியில் கடலை உடைக்கிறவள். ரத்தினம்மாளைவிட வயதில் மூத்தவள். ஆண்டிமடத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, புருஷன் செத்ததும் அரியலூருக்கு வந்து சேர்ந்தவள். காலையில் வாசல் தெளிப்பாள், மாலையில் விளக்கு ஏற்றுவாள். அதற்குப் பதிலாக வாடகை இல்லை. கார்த்திகைக்கு முன்னால் தன் சட்டி பானையை எடுத்துக்கொண்டு ரத்தினம்மாளின் விறகுக் கொட்டகைக்கு வந்துவிடுவாள். பங்குனியில் திரும்பிப் போவாள். "நானும் உன் மவன் மாதிரிதான் ரத்தினம். அவன் வேலைக்குப் போனா நான் உன் வூட்டுக்கு வரேன். அவன் வூட்டுக்கு வந்தா நான் வேலைக்குப் போறேன்" என்று பல்லில்லாத வாயால் சிரிப்பாள்.

முதல் சீசனுக்கு விருதுநகர் வியாபாரி பாலசுந்தரம் வந்து தங்கினார். சுத்தமான மனிதர். போகும்போது அடுத்த சீசனுக்கும் முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் ரயில் ஏறினார். ரத்தினம்மாளின் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த ஐப்பசி வந்தது. அடைமழை. பாலசுந்தரம் வர இன்னும் சில நாட்களே இருந்தன. சிந்தாமணி கொட்டகைக்கு மாறவேண்டிய நேரத்தில் குளிர்காய்ச்சலில் விழுந்தாள். முதலில் கஷாயம் குடித்துக்கொண்டே கடலை உடைத்தாள். பிறகு பாயை விட்டு எழவில்லை. பிறகு பேச்சும் குழறிவிட்டது. வைத்தியர் வந்து நாடி பார்த்தார். கையைக் கீழே வைத்துவிட்டு ரத்தினம்மாளை வாசலுக்குக் கூப்பிட்டார். பொழுது சாயும்வரை தாங்குவது கஷ்டம், சொந்தக்காரர்கள் இருந்தால் சொல்லி அனுப்பு என்றார்.

ரத்தினம்மாள் அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பியபோதுதான் தங்கராசு வந்தான்.

தங்கராசு அந்த லைனில் பக்கத்து இரண்டு வாசல்களுக்குச் சொந்தக்காரன். சீசன் வாடகையை நம்பி அவனும் கடன் வாங்கி வாங்கியவன். அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"இன்னைக்கு என்ன நட்சத்திரம் தெரியுமா, அக்கா? அவிட்டம். இப்பத்தான் காலண்டரைப் பாத்துட்டு வரேன்."

அவிட்டத்தில் ஒரு வீட்டில் உயிர் போனால் அந்த வீட்டுக்கு அடைப்பு. ஆறு மாசம் கதவைச் சாத்திப் பூட்டவேண்டும். பிணத்தைக்கூட வாசல் வழியாக எடுக்கக் கூடாது. சுவரை இடித்து அந்த வழியாக எடுக்கவேண்டும். அவிட்டம் தொடங்கி ரேவதி வரைக்கும் ஐந்து நட்சத்திரத்துக்கும் அதே கதி. ஆறு மாசம் என்றால் சீசன் முழுக்கப் போயிற்று. ஒரே சுவர், ஒரே கூரை. நடுவாசலை அடைத்தால் பக்கத்து வாசலில் எந்த வியாபாரி பெட்டி இறக்குவான்? அடைப்புப் போட்ட வீடு என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் அது தலைமுறைக்கும் போகாது.

தங்கராசுவின் பார்வை பாயிலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து பாய்க்கும் போய் வந்தது.

ரத்தினம்மாள் ராசாங்கத்துக்கு ஆள் அனுப்பினாள். வண்டி வந்தது. "தர்மாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்" என்று தெருவெல்லாம் கேட்கும்படி சொன்னாள். வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே சாக்கைக் கட்டி, ராசாங்கமும் அவளுமாகச் சிந்தாமணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசற்படியைத் தாண்டும்போது சிந்தாமணியின் கை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டது. நினைவோடு பிடித்தாளோ, நினைவில்லாமல் பிடித்தாளோ. ரத்தினம்மாள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

நிலையைத் தாண்டியதும் அவளுக்குப் பெருமூச்சு வந்தது. தாயே, என் வீடு பிழைத்தது என்று அந்த மூச்சு சொன்னது.

ஆனால் வண்டி நகர்ந்ததும் இன்னொரு பயம் பிடித்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனிமேல் ஒன்றுமில்லை, வீட்டுக்கே கொண்டுபோய் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டால்? எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அப்போது எந்த வீட்டுக்குக் கொண்டுபோவது? ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள், வழியிலேயே, எந்தக் கூரைக்கும் கீழே இல்லாமல், எல்லாம் முடிந்துவிட்டால் யாருக்கும் தொல்லையில்லை. சிந்தாமணியின் தலை அவள் மடியில் இருந்தது. மழைத்துளி சாக்கின் வழியாக இறங்கி அந்த நெற்றியில் விழுந்தது. அவள் அதைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"மெதுவா ஓட்டுங்க."

மனைவிக்கு எவ்வளவு இளகிய மனசு என்று நினைத்தான் ராசாங்கம். கயிற்றைத் தளர்த்தினான். மாடுகள் நடை போட்டன.

சிந்தாமணி சாகவில்லை.

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் ஊசி போட்டார், கொய்னா மருந்து கொடுத்தார். விடிந்தபோது அவள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். இன்னும் கொஞ்சம் தாமதமாகக் கொண்டுவந்திருந்தால் பிணத்தைத்தான் கொண்டுவந்திருப்பீர்கள் என்றார் கம்பவுண்டர். ரத்தினம்மாளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நல்ல காரியம் செய்தீர்கள் அம்மா என்றார். அந்த வார்த்தை அவள் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

உடம்பு தேறிக் கொட்டகைக்கு வந்த சிந்தாமணி, ஸ்டேஷன் ரோடு முழுக்க ஒரே பேச்சுப் பேசினாள். வயதில் சின்னவளான ரத்தினம்மாளை அன்று முதல் ஆத்தா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

"பெத்தவ கூட இப்படிச் செய்ய மாட்டா. கொட்டுற மழையில மடியில போட்டுக் கொண்டுபோனா. எனக்குக் கண்ணுதான் தெரியல, காது கேட்டுச்சு. வண்டி குலுங்கினா எனக்கு நோவும்னு, மெதுவா ஓட்டுங்கன்னு சொன்னா பாரு, அந்தக் குரலுதான் என்னைப் புடிச்சு நிறுத்துச்சு. இல்லாட்டி போயிருப்பேன்."

கேட்டுவிட்டாள். அதையும் கேட்டுவிட்டாள். இட்லித் தட்டைத் தூக்கிக்கொண்டிருந்த ரத்தினம்மாளின் முகத்தில் ஆவி அடித்தது.

பாலசுந்தரம் வந்தார். சீசன் நடந்தது. வாடகை வந்தது. ஊர் அவளைப் புண்ணியவதி என்றது. புண்ணியவதி கையால் இட்லி தின்றால் காரியம் கூடும் என்று ரயிலுக்குப் போகிறவர்கள் அவள் கடையில் நின்றுவிட்டுப் போனார்கள். வேறு கடைக்காரிகள் வயிறெரிந்தார்கள். செய்த பாவத்துக்குத் தண்டனை கிடைத்தால் தாங்கிக்கொள்ளலாம். பரிசு கிடைத்தால் எப்படித் தாங்குவது? அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சிந்தாமணிக்குப் புடவை வாங்கிக் கொடுத்தாள், எண்ணெய் தேய்த்துவிட்டாள், முதல் ஈட்டு இட்லியை அவள் இலையில் வைத்தாள். ஒவ்வொன்றையும் சிந்தாமணி இன்னொரு கருணையாக எடுத்துக்கொண்டு ஊருக்குச் சொன்னாள். கடன் அடைக்கப் போய் வட்டி ஏறியதுதான் மிச்சம்.

தை மாசத்தில் ஒருநாள் தங்கராசு இட்லி தின்ன வந்தான். ஏதோ கல்யாணத்துக்கு நாள் பார்த்துவிட்டு வந்திருந்தான். தின்றுகொண்டே சிரித்தான்.

"அக்கா, ஒரு கூத்து கேளுங்க. அன்னைக்கு அவிட்டமே இல்லயாம். காலண்டர்ல இங்கிலீசுத் தேதியைப் பாக்குறதுக்குப் பதிலா தமிழ்த் தேதியைப் பாத்துத் தொலைச்சிருக்கேன். அன்னைக்குப் பூரம்தான். அடைப்பும் இல்ல, கிடைப்பும் இல்ல. அதுவும் நல்லதாப் போச்சு பாருங்க. இல்லாட்டி கிழவி வூட்டுலயே கிடந்து செத்திருப்பா."

அவன் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு அது ஒரு கூத்து. நிலைப்படியைப் பிடித்த விரல்களைப் பிரித்தவளுக்கு அது அப்படியில்லை. அடைப்பே இல்லாத நாளில், யாரும் அடைக்காத வீட்டுக்காக, ஒரு உயிர் வழியிலேயே போகட்டும் என்று அவள் நினைத்திருக்கிறாள். ஊர் வழக்கம், விதி என்று சாய்ந்துகொள்ள இருந்த ஒரே தூணும் சரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் மாடு கட்டும் இடத்தில் ராசாங்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவன், வாளியைக் கீழே வைத்துவிட்டான். அவளைப் பார்க்காமல் மாட்டின் கழுத்தைத் தடவினான்.

"உன் பாவத்துல என் மாட்டையும் சேத்துட்டியே, ரத்தினம்."

பிறகு, சிந்தாமணியிடம் சொல்லாதே என்றான். பிழைத்துக் கிடப்பவளிடம் போய் நீ செத்துப்போகவேண்டும் என்று நினைத்தேன் என்று சொல்வது அவளை இரண்டாம் தடவை கொல்வது. நீ சுமக்க முடியாமல் இறக்கி வைக்கிற மூட்டை, அவள் தலையில்தான் உட்காரும் என்றான். ரத்தினம்மாளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு சுமந்தாள். பங்குனி வந்தது, சிந்தாமணி நடுவாசலுக்குத் திரும்பினாள். கல்லங்குறிச்சிப் பெருமாள் திருவிழாவுக்கு இரண்டு பேரும் ஒன்றாகப் போனார்கள். சிந்தாமணி கற்பூரம் ஏற்றி, என் ஆத்தா நூறு வயசு இருக்கணும் என்று வாய்விட்டு வேண்டினாள். ரத்தினம்மாள் சாமியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுபடியும் ஐப்பசி. சிந்தாமணி வழக்கம்போலச் சட்டி பானையைக் கட்டத் தொடங்கினாள். வீட்டைக் கழுவிவிட ரத்தினம்மாள் போயிருந்தாள். இருவரும் கூடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது சிந்தாமணி சுவரைத் தடவிக்கொண்டே பேசினாள். அவள் இதுவரை எதையும் கேட்டதில்லை. இப்போது ஒன்று கேட்டாள்.

"ஆத்தா, எனக்கு ஒரு ஆசை. என்னைக்காவது ஒருநாள் போவப்போற உசிருதானே. அது இந்த வூட்டுல போவணும். உன் மடியில தலை வச்சுக்கிட்டு. சீசனா இருந்தாலும் அந்த ஒரு நாளைக்கு எனக்கு எடம் குடுப்பியா?"

ரத்தினம்மாளின் வாய் திறந்தது. தருகிறேன் என்று சொல்லத்தான் திறந்தது. ஆனால் அதைச் சொன்னால் இந்தக் கிழவி அந்தப் பொய்யின் மேல் தலை வைத்துச் சாவாள். ராசாங்கம் சொன்ன நியாயமெல்லாம் அந்த நிமிஷம் காற்றில் போய்விட்டது.

அவள் சொன்னாள். தங்கராசு வந்ததைச் சொன்னாள். அவிட்டத்தைச் சொன்னாள். விரல்களைப் பிரித்ததைச் சொன்னாள். அழாமல் சொன்னாள், அழுதால் அதையும் இரக்கம் என்று எடுத்துக்கொள்வாளோ என்று பயந்தாள்.

சிந்தாமணி முதலில் புரியாதவள் மாதிரி பார்த்தாள். பிறகு தன் கையைத் திருப்பி விரல்களைப் பார்த்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப, மெதுவா ஓட்டச் சொன்னது?"

அதற்குப் பொய் சொல்ல இன்னும் வழி இருந்தது. அது ஒன்றையாவது விட்டுவைத்திருக்கலாம்.

"நீ வழியிலயே போயிடணும்னுதான்."

கொல்லைக் கிணற்றில் யாரோ வாளி விடும் சத்தம் கேட்டது. உருளை கிறீச்சிட்டு நின்றது. சிந்தாமணி கட்டி வைத்திருந்த மூட்டையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் முடிச்சை அவிழ்த்தாள், போட்டாள், மறுபடி அவிழ்த்தாள். ரத்தினம்மாள் அவள் காலைத் தொடப் போனாள். கால் உள்ளே இழுத்துக்கொண்டது.

இந்த வருஷம் வியாபாரிக்கு விடப்போவதில்லை, முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன், இந்த வீடு உன்னுடையது, நீ உயிரோடு இருக்கிற வரைக்கும் இங்கேயே இரு என்று ரத்தினம்மாள் கெஞ்சினாள். சிந்தாமணி எழுந்து நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"வாடகை இல்லாம சும்மா இருந்ததுதான் தப்பு. சும்மா இருக்கிறவளைத்தானே தூக்கி வெளிய போடத் தோணும். வாடகை என்னன்னு சொல்லுங்க. குடுத்துட்டு இருக்கேன்."

சொல்லுங்க.

அந்த ஒற்றை 'ங்க' ரத்தினம்மாளின் நெஞ்சில் ஆணி மாதிரி இறங்கியது. நீ என்றவள், பிறகு ஆத்தா என்றவள், இப்போது வீட்டுக்காரியிடம் குடித்தனக்காரி பேசுகிற மாதிரி பேசினாள். வாடகை வேண்டாம் என்றாள் ரத்தினம்மாள். அப்படியானால் வேறு வீடு பார்த்துக்கொள்கிறேன் என்றாள் சிந்தாமணி. வேறு வழியில்லாமல் ரத்தினம்மாள் வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொன்னாள். அது ரொம்பக் குறைச்சல், ஊரில் என்ன வாங்குகிறார்களோ அதை வாங்குங்கள் என்றாள் சிந்தாமணி.

பாலசுந்தரத்துக்கு முன்பணம் திரும்பிப் போனது. அவர் தங்கராசுவின் வீட்டில் தங்கினார். வந்த சீசனை விட்டவள் பைத்தியக்காரி என்று தெரு பேசியது. மாசம் பிறந்ததும் சிந்தாமணி இட்லிக் கடைக்கு வருவாள். கடலை உடைத்துக் கறுத்த விரல்களால் சில்லறையை எடுத்துப் பலகையின் மேல் வைப்பாள். "வூட்டுக்காரம்மா, எண்ணிப் பாத்துக்குங்க" என்பாள். எண்ணாமல் எடுத்தால் போகமாட்டாள். ரத்தினம்மாள் எண்ணுவாள். இட்லி கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். அதற்கும் காசு வைத்துவிட்டுப் போவாள். நடந்ததை அவள் ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஊர் இன்னமும் ரத்தினம்மாளைப் புண்ணியவதி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அதுவும் ஒரு தண்டனைதான்.

நாடு சுதந்திரம் அடைந்தது. ஸ்டேஷனில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். வாடகை மட்டும் தவறவில்லை.

அந்த வருஷத்து மழையில் ஒரு நாள் பகலில் சிந்தாமணி நனைந்துகொண்டு கடைக்கு வந்தாள். கூடத்துக்கு மேலே ஓடு நழுவி ஒழுகுகிறது, ஆளை அனுப்பி மாற்றச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் திரும்பினாள். குடித்தனக்காரி கேட்கவேண்டிய முறைதான். ராசாங்கம் லோடு ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் போயிருந்தான். மழையில் கொத்தன் எவனும் வரமாட்டான். ரத்தினம்மாள் அடுப்பை அவித்துவிட்டு, பக்கத்தில் ஓர் ஏணியை இரவல் வாங்கி, புதிய ஓடுகளைக் கோணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு மண்டித் தெருவுக்குப் போனாள்.

இந்த வயதில் ஓட்டின் மேல் ஏறுகிற பெண்பிள்ளையைப் பார்க்கத் தெருவில் நாலு பேர் நின்றார்கள். ஏணி சேற்றில் வழுக்கியது. மூன்றாவது படியில் நின்றுகொண்டு அவள் சுவரைப் பிடித்தபோது, ஏணி சட்டென்று ஆடாமல் நின்றது. குனிந்து பார்த்தாள். சிந்தாமணி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் ஏணியின் கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே பார்க்கவில்லை.

உடைந்த ஓடுகளை எடுத்துப் புதியதைச் செருக வெகுநேரம் பிடித்தது. மழை இருவர் மேலும் ஒன்றாகப் பெய்தது. அவ்வளவு நேரமும் கீழே அந்தக் கைகள் நகரவில்லை. வேலை முடிந்து ரத்தினம்மாள் காலால் துழாவி ஏணியின் மேல்படியை மிதித்தபோது, கீழேயிருந்து குரல் வந்தது.

"பாத்து எறங்குங்க."

ரத்தினம்மாள் ஏணியில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.